நொடிக்கு ஐந்து முறை திறக்கும் மடை

அப்பாவின் எச்எம்டி ஜனதா நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் தாமதமாக ஓட ஆரம்பித்ததும், மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் வாட்ச் கடைக்கு எடுத்துப்போனேன். கடை என்றால் கண்ணாடிப் பெட்டி, மேஜை விளக்கு, ஸ்டூல், அவ்வளவுதான். கடைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வருடமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பின்மூடியைத் திறந்து வாட்சை டைம்கிராஃபர் மேல் வைத்தார். டிக் டிக் சத்தத்தைக் கேட்டே வாட்சின் உடல்நிலையைச் சொல்லிவிடும் சின்னப் பெட்டி அது. பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசுகிறது என்ற இடத்தில் 168 என்று காட்டியது.

"நல்ல மெஷின்னா 260, 270 வீசணும் தம்பி. இது மூச்சு வாங்குது" என்றார்.

மெஷினைப் பிரித்து, ட்வீசரால் ஒரு சின்னப் பாகத்தை எடுத்து, லென்ஸை என் கையில் கொடுத்தார். அரிசி மணியின் நீளம்கூட இல்லாத எஃகுத் துண்டு. இரண்டு கை விரித்த மாதிரி வடிவம், கைக்கு ஒன்றாகச் சிவப்புக் கல். அதற்குப் பேலட் என்று பெயர். கல்லின் சரிவான முகத்தில், காபி டம்ளரின் அடியில் படியும் கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது.

"எண்ணெய் காஞ்சு பிசினாயிருச்சு. பாதிச் சீக்கு இந்த இடத்துலதான் ஆரம்பிக்கும்."

அந்தப் பழுப்புக் கோட்டை ஒழித்துவிட முடியுமா என்று உலகின் மிகச் சிறந்த கடிகாரக்காரர்கள் இருநூறு வருடத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். வழி கண்டுபிடித்தவர்களும் உண்டு. ஆனால் கண்டுபிடித்ததைக் கொண்டுபோய்த் தொழிலிடம் நீட்டினால், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் விஷயம்.

முதலில் அந்தப் பாகம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கண்மாய் நிறையத் தண்ணீர் நிற்கிறது. மடையை அப்படியே திறந்து போட்டுவிட்டால் மொத்தமும் ஓடிப்போகும். நீர்பாய்ச்சி அளவாகத் திறந்து, அளவாக அடைத்து, வயல் வயலாக விடுவார். வாட்சில் சாவி கொடுக்கும்போது சுருண்டு இறுகும் மெயின் ஸ்பிரிங்தான் கண்மாய். தடுக்க ஒன்றும் இல்லையென்றால் அது கொஞ்ச நேரத்திலேயே மொத்தமாக அவிழ்ந்துவிடும். முட்கள் காற்றாடியாகச் சுற்றி ஓய்ந்துவிடும். அதை ஒவ்வொரு பல்லாக மட்டும் விடும் மடைதான் எஸ்கேப்மென்ட். எஸ்கேப் சக்கரம் என்ற பல்சக்கரமும் இந்தப் பேலட்டும் சேர்ந்தது.

இந்த மடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. நேரத்தை அளப்பது உண்மையில் பேலன்ஸ் சக்கரம். ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளின் பிடியில் அது ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. தள்ளிவிட ஆள் இல்லாத ஊஞ்சல் நின்றுவிடும். அதனால் எஸ்கேப்மென்ட் ஒவ்வொரு முறை பல்லை விடும்போதும் பேலன்ஸை ஒரு தட்டுத் தட்டிவிடுகிறது. எங்கள் ஜனதாவில் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000. வருடத்துக்கு 15 கோடியே 76 லட்சத்துக்கும் மேல். வேறு எந்தப் பாகத்துக்கும் இப்படி ஒரு பாடு கிடையாது.

பிரச்சினை, அந்தத் தட்டு எப்படி விழுகிறது என்பதில் இருக்கிறது. லீவர் எஸ்கேப்மென்ட் எனப்படும் இந்த வகையில், சக்கரத்தின் பல் கல்லின் சரிவான முகத்தில் வழுக்கிக்கொண்டே போய்த்தான் அதைத் தள்ளுகிறது. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையின் முதுகில் நேராகக் கைவைத்துத் தள்ளாமல், தோளை உரசிக்கொண்டே தள்ளுவது போல. வந்து சேரும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் பேலன்ஸுக்குப் போய்ச் சேர்கிறது. உரசும் இடத்தில் எண்ணெய் வேண்டும். எண்ணெய் மூன்று, நான்கு வருடத்தில் கெட்டியாகும், அல்லது நழுவிப் பக்கத்தில் பரவிவிடும். அப்புறம் வீச்சு குறையும், நேரம் தவறும், டவுன் ஹால் ரோட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

இந்த லீவரே ஒரு காலத்தில் யாரும் சீண்டாத புதுமையாக இருந்தது. லண்டனில் தாமஸ் மட்ஜ் 1750களில் இதைக் கண்டுபிடித்தார். 1770 வாக்கில் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு வந்து சேர்ந்த வாட்சில் இந்த அமைப்பு இருந்தது. அந்த வாட்ச் இன்றும் அரச குடும்பத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கிறது. இதைச் செய்யத் தேவையான நுணுக்கம் உள்ள கைகள் மிகக் குறைவு, அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள முன்வருபவர்கள் அதைவிடக் குறைவு என்று மட்ஜே எழுதிவைத்தார். திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அரத்தால் ராவி ராவி ஒருவர் கையால் பொருத்துவது. பூட்டிலேயே அவ்வளவு கவனம் தேவை என்றால், பூட்டின் ஆணியைவிடச் சின்னச் சாமானில் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும். மட்ஜ் பின்னாளில் கடல் கடிகாரங்களின் பக்கம் போய்விட்டார். லீவர் பரவலாவதற்கு 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. அதுவரைக்கும் தேய்மானம் அதிகமான சிலிண்டர் போன்ற பழைய எஸ்கேப்மென்ட் வகைகளையே பெரும்பாலும் செய்துகொண்டிருந்தார்கள், ஏனென்றால் அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் நிறைய இருந்தன.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழில் புதுமையை எதிர்க்கிறது என்றதும் நமக்குப் பிடிவாதக்கார முதலாளி ஒருவர் மனதில் வந்து நிற்கிறார். மட்ஜ் விஷயத்தில் அப்படி யாரும் குறுக்கே நிற்கவில்லை. நல்ல யோசனைதான் என்று தெரிந்தும், செய்ய ஆளும் கருவியும் இல்லை. இப்படிக் காத்துக்கிடந்த நல்ல யோசனைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

பிடிவாதமான எதிர்ப்பும் இருந்தது. 1867இல் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் ஃபிரடெரிக் ராஸ்காஃப், உழைப்பாளி வாங்கக்கூடிய விலையில், 20 பிராங்குக்கு ஒரு வாட்சைக் கொண்டுவந்தார். விலையுயர்ந்த கல்லுக்குப் பதிலாக எஃகு ஊசிகளைப் பேலட்டில் நிறுத்தினார். நம் வீடுகளில் அலமாரி மேல் உட்கார்ந்து டக் டக்கென்று ராத்திரி முழுக்கச் சத்தம் போட்ட அலாரம் டைம்பீஸ்களின் உள்ளே இருந்ததும் இந்த ஊசி வகைதான். உள்ளூர்க் கைவினைஞர்கள் பலர் இது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று ஒதுங்கினார்கள். பாகங்களைச் செய்துதர ஆள் பிடிக்கவே ராஸ்காஃப் அலைய வேண்டியிருந்தது. ஆனால் வாட்ச் விற்றது. கட்டமுடியாதவர் கையில் வாட்ச் வந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

அடுத்து நடந்தது இதைவிட விசித்திரமானது. 1934இல் சுவிஸ் அரசு, பொருளாதார மந்தத்திலிருந்து கடிகாரத் தொழிலைக் காப்பாற்ற ஒரு சட்டம் போட்டது. அனுமதி இல்லாமல் புதுத் தொழிற்சாலை திறக்கக்கூடாது, இருப்பதைப் பெரிதாக்கக்கூடாது, செய்யும் பொருளின் வகையை மாற்றக்கூடாது. ஹோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் இருந்த ஓரிஸ் நிறுவனம் அப்போது ஊசிப் பேலட் வாட்சுகள் செய்துகொண்டிருந்தது. கல் வைத்த லீவருக்கு மாறவேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. சட்டம் இடம் தரவில்லை. எஸ்கேப்மென்டை மேம்படுத்த ஒரு கம்பெனி பொறியாளரைத் தேடும் என்றுதான் நாம் நினைப்போம். ஓரிஸ் 1956இல் ரால்ஃப் போர்ட்மன் என்ற இளம் வக்கீலை வேலைக்கு எடுத்தது. அவர் பத்து வருடம் போராடினார். 1966இல்தான் அந்தத் தடை விலகியது. இரண்டே வருடத்தில், 1968இல், லீவர் வைத்த ஓரிஸ் வாட்ச், துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்றிதழ் வாங்கிக் காட்டியது. செய்யத் தெரியாமல் இல்லை, விடவில்லை. 200 வருடப் பழைய லீவரே ஓரிஸுக்கு எட்டாத புதுமையாக இருந்திருக்கிறது. காப்பாற்றுவதற்காகப் போட்ட வேலி, வளரவிடாத வேலியானது.

அந்த வேலிக்குள் இருந்தவர்கள்மேல்தான் 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ, குவார்ட்ஸ் வாட்சைக் கொண்டுவந்து இறக்கியது. இங்கே நாம் 'செல் வாட்ச்' என்று சொல்வது. 1970 வாக்கில் சுவிஸ் வாட்ச் தொழிலில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்தார்கள். 1980களின் நடுவில் அது 30,000 சொச்சமாகச் சுருங்கியது. நம் ஊரிலும் அந்த அலை அடித்தது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸை நம்பியே வளர்ந்தது. 1961இல் பெங்களூரில் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய எச்எம்டி வாட்ச், 2016இல் கதவைச் சாத்தியது.

இந்தக் கொந்தளிப்பின் நடுவில்தான் ஜார்ஜ் டேனியல்ஸ் வருகிறார். 1926இல் பிறந்தவர், லண்டனில் வறுமையான வீட்டில் வளர்ந்தவர், வாட்ச் ரிப்பேர் செய்தே மேலே வந்தவர். பிரெகே என்ற 18ஆம் நூற்றாண்டு மேதையின் வாட்சுகளைப் பிரித்துப் பழுதுபார்த்துப் பெரிய நிபுணர் ஆனார். பிறகு ஒரு வாட்சின் கிட்டத்தட்ட எல்லாப் பாகங்களையும் தன் கையாலேயே செய்ய ஆரம்பித்தார். 1980களில் பட்டறையைப் பிரிட்டனை ஒட்டிய மான் தீவுக்கு மாற்றினார். ஊரெல்லாம் மெக்கானிக்கல் வாட்சின் கதை முடிந்தது என்று பேசிக்கொண்டிருந்த 1970களில், அவர் அதன் மிகப் பழைய நோயான எண்ணெயைக் குறிவைத்தார்.

அவர் கண்டுபிடித்ததற்குக் கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட் என்று பெயர். ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பல்சக்கரங்கள். இரண்டு கல்லுக்குப் பதிலாக மூன்று கல் உள்ள பேலட். பேலன்ஸின் தட்டிலேயே இன்னொரு கல். லீவரில் ஒரே கல், பல்லைத் தடுத்து நிறுத்தவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். டேனியல்ஸ் இந்த இரண்டு வேலையையும் பிரித்தார். நிறுத்துவதற்குத் தனிக் கற்கள், தள்ளுவதற்குத் தனிக் கற்கள். பேலன்ஸ் ஒரு பக்கம் போகும்போது சக்கரத்தின் பல் பேலன்ஸில் இருக்கும் கல்லையே நேராகத் தள்ளுகிறது. திரும்பி வரும்போது பேலட் வழியாகத் தள்ளுகிறது. இரண்டு முறையும் வழுக்கல் மிகக் குறைவு. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையின் முதுகில் நேராகக் கை விழுகிறது. எண்ணெய் கெட்டியானாலும் தள்ளுவிசை பெரிதாக மாறாது.

1980இல் காப்புரிமை கிடைத்தது. படேக் ஃபிலிப் உட்படப் பெரிய வாட்ச் கம்பெனிகளின் கதவைத் தட்டினார். சுவிஸ் வாட்சையே வாங்கி, அதன் மெஷினில் தன் எஸ்கேப்மென்டைப் பொருத்தி, ஓடுவதைக் காட்டினார். ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது என்று ஒப்புக்கொண்டவர்களும் எடுத்துக்கொள்ளத் தயங்கினார்கள். கடைசியில், ஒமேகாவும் அடங்கிய ஸ்வாட்ச் குழுமத்தைக் கட்டியெழுப்பிய நிக்கோலஸ் ஹாயெக் எடுத்துக்கொண்டார். 1999இல் ஒமேகா டி வில் வாட்சில் அது வெளிவந்தது. 1970களின் நடுவில் வந்த கண்டுபிடிப்புக்கும் கடைக்கும் நடுவே சுமார் 25 வருடம்.

ஏன் இவ்வளவு காலம்? குவார்ட்ஸ் அடித்த அடியில் தொழில் சுருண்டு கிடந்தது, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த முதலாளி புது எஸ்கேப்மென்டில் பணம் போடமாட்டார் என்பது ஒன்று. இரண்டடுக்குச் சக்கரம் உயரம் கேட்கும், மெல்லிய மெஷினுக்குள் அதை நுழைப்பது பெரும்பாடு என்பதும் உண்மை. ஒமேகாவே எடுத்த பிறகும் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மணிக்கு 28,800 ஆக இருந்த துடிப்பை 25,200 ஆகக் குறைத்து, அமைப்பைத் திருத்தித் திருத்தித்தான் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணெயே வேண்டாம் என்ற நிலையும் முழுதாக வரவில்லை, தேவை வெகுவாகக் குறைந்தது.

ஆனால் என் கணிப்பில் பெரிய காரணம் வேறு. லீவர் என்பது ஒரு பாகம் மட்டும் இல்லை, ஒரு பொதுமொழி. எச்எம்டி பார்த்துப் பழகிய கை, சுவிஸ் வாட்சைத் திறந்தாலும் உள்ளே அதே 15 பல் சக்கரம், அதே இரண்டு சிவப்புக் கல் இருக்கும். பரமக்குடியில் கற்றுக்கொண்டவர் பாரிஸில் ரிப்பேர் பார்க்கலாம். சுவிஸ் கம்பெனிகளில் பெரும்பாலானவை தங்களுக்கு வேண்டிய ஹேர்ஸ்பிரிங், பேலட், எஸ்கேப் சக்கரங்களை நிவாராக்ஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டிருந்தன. பெட்டியாக வந்து இறங்கும், பொருத்தினால் ஓடும், கெட்டால் எந்த ஊரிலும் சரிசெய்ய ஆள் உண்டு. இதை விட்டுவிட்டு வா என்று கூப்பிடும்போது, உலகம் முழுக்க உள்ள ஸ்டூல்களில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரையும் புது மொழி கற்றுக்கொள் என்று சொல்வதாகிறது. டேனியல்ஸின் கண்டுபிடிப்பு லீவரைவிட மேல் என்றுதான் நான் நினைக்கிறேன். லீவர் நல்லபடியாக எண்ணெய் போட்டால் போதுமான அளவு சரியாக ஓடுகிறது என்பதும் உண்மை. 'போதும்' என்பதை முறியடிப்பதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினம்.

இன்றுவரை ஒமேகாவைத் தவிர வேறு எந்தப் பெரிய நிறுவனமும் கோ-ஆக்சியலைத் தொழிற்சாலை அளவில் எடுத்துக்கொள்ளவில்லை. டேனியல்ஸ் 2011இல் காலமானார். மான் தீவில் அவர் சீடர் ரோஜர் ஸ்மித் அதைக் கையால் செய்துகொண்டிருக்கிறார்.

2001க்குப் பிறகு கதை வேறு பாதையில் திரும்பியது. அந்த வருடம் உலிஸ் நார்டன் என்ற சுவிஸ் நிறுவனம் 'ஃப்ரீக்' என்ற வாட்சில் சிலிக்கன் எஸ்கேப் சக்கரங்களை வைத்தது. கம்ப்யூட்டர் சிப் செய்வது போலவே சிலிக்கன் தகட்டில் அரித்தெடுக்கும் பாகம். எஃகைவிட எடை குறைவு, காந்தம் ஒட்டாது, உரசலுக்கு எண்ணெய் வேண்டாம். அதன் பிறகு வந்ததில் எனக்கு மிகப் பிடித்தது நிக்கோலா டெஹோன் என்ற கடிகாரக்காரரின் யோசனை. ரயிலில் போகும்போது டிக்கெட்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தாராம். நீங்களும் ஒரு விசிட்டிங் கார்டை வைத்துச் செய்து பாருங்கள். வளைந்து நிற்கும் அட்டையை மெல்லத் தள்ளினால், ஒரு கட்டத்தில் 'டப்'பென்று மறுபக்கம் புரண்டுவிடும். நீங்கள் மெதுவாகத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் அது புரளும் விசை ஒன்றுதான். அந்தப் புரளலால் பேலன்ஸைத் தட்டினால், மெயின் ஸ்பிரிங் இறுகியிருந்தாலும் தளர்ந்திருந்தாலும் தட்டு ஒரே அளவு. தலைமுடியைவிட மெல்லிய சிலிக்கன் பட்டையால் அதைச் செய்து, ஜிரார்ட் பெரகோ நிறுவனம் 2008இல் காட்டி, 2013இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017இல் ஜெனித் நிறுவனம், முப்பது பாகத்துக்குப் பதிலாக அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரே சிலிக்கன் துண்டை வைத்துக் காட்டியது, பெரிதாகப் பரவவில்லை.

2025இல் ரோலெக்ஸ், லேண்ட்-ட்வெல்லர் என்ற வாட்சில் 'டைனாபல்ஸ்' என்ற எஸ்கேப்மென்டைக் கொண்டுவந்தது. சிலிக்கனால் ஆன இரண்டு சக்கரங்கள் மாறிமாறித் தள்ளும் அமைப்பு. வழுக்கலுக்குப் பதில் உருளல். மாற்றத்துக்கு மிக மெதுவாக அசையும் நிறுவனம் என்று பெயர் எடுத்த ரோலெக்ஸே அசைந்தது பெரிய செய்தி. இரண்டு சக்கரம் மாறிமாறித் தள்ளும் எண்ணம் புதியது இல்லை. டேனியல்ஸ் படித்துப் படித்து ஊறிய அதே பிரெகே, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே 'இயல்பான எஸ்கேப்மென்ட்' என்ற பெயரில் எண்ணெய் வேண்டாத ஒன்றைச் செய்து பார்த்தார். அவர் கையில் இருந்த உலோகச் சக்கரங்கள் கனமானவை, பற்களுக்கு நடுவே இருந்த சிறு இடைவெளியில் தடுமாறின. யோசனைக்கு ஏற்ற பொருள் வந்து சேர இருநூறு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பேலட்டைப் பெட்ரோலில் அலசிக்கொண்டே கேட்டார்.

"எண்ணெய் வேணாங்குறது நல்லதுதான். அது உடைஞ்சா?"

சிலிக்கன் வளையாது, நொறுங்கும். ராவ முடியாது, ஒட்ட முடியாது. அதே பாகம் அதே தொழிற்சாலையிலிருந்து வரவேண்டும். பல சுவிஸ் நிறுவனங்கள் உதிரிப்பாகங்களைத் தங்கள் சர்வீஸ் சென்டர்களைத் தாண்டி வெளியே விடுவதில்லை. சிலிக்கன் ஹேர்ஸ்பிரிங்கின் முக்கியமான காப்புரிமையும் படேக் ஃபிலிப், ரோலெக்ஸ், ஸ்வாட்ச் குழுமம், நியூஷாடெல் ஆய்வு மையம் ஆகியோர் கையிலேயே இருந்தது. மற்றவர்களுக்குப் பாதை திறந்தது 2020களின் தொடக்கத்தில் அது காலாவதியான பிறகுதான்.

அண்ணனின் கேள்வியை நான் பழமைவாதம் என்று தள்ளமாட்டேன். அவர் புதுமைக்கு எதிரி இல்லை; டைம்கிராஃபரை இந்தச் சந்தில் முதலில் வாங்கியவர் அவர்தான். டேனியல்ஸின் எஸ்கேப்மென்டின் படத்தைப் போனில் காட்டியபோது பத்து நிமிடம் பார்த்தார். எந்தக் கல் எந்தப் பல்லை நிறுத்துகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுத் தானே கண்டுபிடித்தார். "இதை நான் கழட்டி மாட்டிருவேன் தம்பி" என்றார். சிலிக்கன் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். கையால் செய்யக்கூடிய, கையால் சரிசெய்யக்கூடிய புதுமையை 25 வருடம் வாசலில் நிறுத்திவைத்த தொழில், கைக்கு எட்டாத புதுமையைச் சீக்கிரமாகவே உள்ளே அழைத்துக்கொண்டது என்பது எனக்கு உறுத்துகிறது. உதிரிப்பாகங்களைக் கடைக்காரர்களுக்கு விற்றால் இந்த உறுத்தலில் பாதி போய்விடும். அதைச் செய்ய எந்த எஸ்கேப்மென்டும் தடையாக இல்லை.

அண்ணன் மெஷினைப் பூட்டினார். ஊசி முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் எடுத்து, பேலட்டின் கல்லில் மட்டும் வைத்தார். பேலன்ஸை இறக்கியதும் அது தானாகவே ஓட ஆரம்பித்தது. டைம்கிராஃபரில் 258.

"மூணு வருஷம் கழிச்சுக் கொண்டாங்க."

"அப்ப பேலட் தேஞ்சிருந்தா என்னண்ணே பண்ணுவீங்க? எச்எம்டிதான் மூடிட்டாங்களே."

மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு பழைய தைல டப்பாவை எடுத்து என் முன்னால் கவிழ்த்தார். செத்துப்போன ஜனதாக்களிலிருந்து எடுத்துச் சேர்த்த பேலட்கள். விளக்கு வெளிச்சத்தில் சிவப்புக் கற்கள் மின்னின. ட்வீசரால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். பதினொன்று இருந்தது.